டைட்டில் சாங்கை ஸ்கிப் செய்யாதவர்கள் மட்டும் உள்ளே வரவும்

மொட்டைமாடி ஆன்டெனா:

ஓடிடி வந்ததிலிருந்து திரையின் மூலையில் ஒரு பட்டன் வந்து உட்கார்ந்துகொள்கிறது, டைட்டிலைத் தாண்டிப் போகச் சொல்லி. எங்கள் வீட்டில் அதை அழுத்துகிறவருக்கு அன்றைக்கு ரிமோட் கிடையாது. டைட்டில் சாங் கேட்காமல் சிட்காம், அதாவது சிரிப்புத் தொடர், பார்ப்பது எனக்கு செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் போவது மாதிரி.

இந்தத் திரிக்குக் காரணம் மிஸ்டர் பீன். நான் ஒன்பதாவது படித்தபோது போகோ சேனலில் ஓடும். இருட்டில் மேலிருந்து ஒரு வெளிச்சம் இறங்கும், அதற்குள் மனிதர் தொப்பென்று ரோட்டில் வந்து விழுவார், பின்னால் சர்ச்சில் பாடுவது போல ஒரு கூட்டம் உருக்கமாகப் பாடும். கரண்ட் போன ராத்திரிகளில் தம்பி டார்ச்சை மேலே பிடிக்க நான் கட்டிலிலிருந்து விழ, அப்புறம் நான் பிடிக்க அவன் விழ, இதுதான் விளையாட்டு. வார்த்தை தெரியாது, காதில் விழுந்த வரைக்கும் ‘எக்கே ஹோமோ’ என்று இழுத்துப் பாடுவோம். ஆச்சி ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, “ஏலே, வேதக்காரங்க பாட்டுல எதுக்குல ஹோமம்னு வருது?” என்றாள். அன்றிலிருந்து அந்த நிகழ்ச்சிக்கு எங்கள் வீட்டில் பெயரே ஹோமம்தான். “ஹோமம் ஆரம்பிச்சாச்சு, ஓடி வால.”

பத்து வருஷம் கழித்து ஆபீசில் என் ரிங்டோன் அது. பக்கத்து சீட்டுக்குப் புதிதாக வந்தவர் பாதிரியாராவதற்காகக் குருமடத்தில் மூன்று வருஷம் படித்துவிட்டுப் பாதியில் வெளியே வந்தவர், லத்தீன் கொஞ்சம் தெரியும். முதல் தடவை போன் அடித்தபோது நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது தடவை மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்குகிறார். எனக்கு அவர் அழுகிறாரோ என்று பயம். “சார், இதுல என்ன பாடுறாங்கன்னு தெரியுமா? இதோ பாருங்கள், அவரைக்காயாகிய மனிதன். இதுதான் சார் பாட்டு!”

எக்கே ஹோமோ என்பது முள்முடியோடு நிற்கும் இயேசுவைக் காட்டி ரோமானிய ஆளுநர் பிலாத்து சொன்ன வார்த்தை, இதோ மனிதன் என்று. அதன் வாலில் அவரைக்காயைக் (பீன் என்றால் அதுதானே) கட்டிவிட்டவர் இசையமைத்த ஹோவர்ட் குடால். பாடியவர்கள் லண்டன் சதர்க் கதீட்ரலின் பாடகர் குழு, வழிபாட்டில் பாடுகிற அதே பயபக்தியோடு. கடைசியில் ‘போய் வா, அவரைக்காய் மனிதா’ என்று வழியனுப்புதல் வேறு. 1990-ல் பிரிட்டனின் ஐடிவி சேனலில் வந்த நிகழ்ச்சி அது, அங்கே விளம்பரம் உண்டு. அதனால் முதல் பாகம் முடிந்தது, இரண்டாம் பாகம் ஆரம்பம் என்பதைக்கூட லத்தீனிலேயே பாடி வைத்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் மொத்த நிகழ்ச்சியிலும் பெரிய ஜோக். அதைப் பத்து வருஷம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெரியாமல் சுற்றியிருக்கிறேன்.

இப்படி நூறு தடவை கேட்டும் காதில் ஏறாத ஒன்று திடீரென்று ஏறிய கதை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். ‘எனக்குப் பிடித்த பத்து’ என்று பட்டியல் போடுகிறவர்கள் தயவுசெய்து வேறு இடம் பாருங்கள்.

தந்தியாபீஸ் மகள்:

என்னிடம் இருக்கிறது, ஆனால் காதில் ஏறியது எனக்கு இல்லை, அப்பாவுக்கு.

அப்பா தந்தித் துறையில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். 2013 ஜூலையில் தந்தியை மொத்தமாக நிறுத்தியபோது ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஹாலில் ‘சம் மதர்ஸ் டூ ஆவ் எம்’ பார்த்துக்கொண்டிருந்தேன். 1973-ல் பிபிசியில் ஆரம்பித்த பழைய நகைச்சுவைத் தொடர், மைக்கேல் கிராஃபோர்ட் தொட்டதையெல்லாம் உடைப்பார், ஆபத்தான சண்டைக்காட்சி வேலையெல்லாம் டூப் போடாமல் அவரே செய்வார். டைட்டிலில் ஒரு குட்டிப் புல்லாங்குழல், பிக்கலோ, கீச்கீச்சென்று வாசிக்கும். விட்டு விட்டு. எனக்கு அது ஏதோ குருவி மாதிரி.

அப்பா ஈசிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படிக்கிறார், ஆனால் வலது கை ஆள்காட்டி விரல் சேரின் கையில் தட்ட ஆரம்பித்துவிட்டது. அவருக்கே தெரியவில்லை. அப்புறம் பேப்பரை மடியில் போட்டார்.

“நிறுத்து. முதல்லேர்ந்து போடு.”

போட்டேன். “டிட் டிட் டிட்... எஸ். டா டா டா... ஓ. அடுத்தும் எஸ் வந்தா கப்பல் முழுகுதுன்னு அர்த்தம்,” என்றார். வந்தது இரண்டு டா. “எம்.” ஒரு டிட். “ஈ. அட, சம்னு அடிக்கிறாண்டி!” பேப்பரின் ஓரத்தில் பென்சிலால் ஒவ்வொரு எழுத்தாக எழுத ஆரம்பித்தார். நான்கு தடவை திரும்பப் போட்டேன். முழுத் தலைப்பும் வந்துவிட்டது. ரோனி ஹேசல்ஹர்ஸ்ட் என்பவர் தொடரின் பெயரையே மோர்ஸில், அதாவது தந்தியின் டிட்-டா குறிகளில், அடித்து அதை டைட்டில் இசையாக்கியிருக்கிறார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். அப்பாவுக்கு முகம் கொஞ்சம் கோணிக்கொண்டது. ஆவ், எம் இரண்டுக்கும் முன்னால் வருகிற அபாஸ்ட்ரஃபியை அந்த ஆள் விட்டுவிட்டாராம். “அதுக்கும் குறி இருக்கு. தெரியாம விட்டானா, சோம்பேறித்தனமா?” அந்தத் தொடரை அவர் இன்று வரை ஒரு எபிசோட்கூடப் பார்த்ததில்லை.

நாலாவது மாடி:

மேலே சொன்ன அதே ஹேசல்ஹர்ஸ்ட்தான் ‘யெஸ் மினிஸ்டர்’ தொடருக்கும். அதில் மோர்ஸ் இல்லை, மணி. லண்டன் பிக் பென் கால் மணிக்கு ஒருதரம் அடிக்கிற அந்த மெட்டைத்தான் எடுத்துக் கொஞ்சம் அலங்காரம் செய்து வைத்திருக்கிறார். எழுதியதிலேயே சுலபமான வேலை அதுதான் என்று அவரே ஒப்புக்கொண்டவர். எனக்கு இது எங்கே உறைத்தது என்றால், சென்ட்ரல் எதிரே பஸ்ஸுக்கு நின்றபோது. ரிப்பன் கட்டட மணிக்கூண்டில் 1913-ல் வைத்த கடிகாரத்துக்கும் அதே வெஸ்ட்மின்ஸ்டர் மணி. டிராஃபிக் சத்தத்துக்கு நடுவே அது அடித்ததும் அந்தத் தொடரில் வரும் அதிகாரி சர் ஹம்ப்ரி ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிற மாதிரியே எனக்குத் தோன்றியது. மாநகராட்சி அலுவலகத்தின் உச்சியிலிருந்து அதிகாரிகளைக் கிண்டல் செய்யும் தொடரின் டைட்டில் இசை! அன்று பஸ்ஸை விட்டுவிட்டேன்.

கச்சேரி கீபோர்டு:

அமெரிக்க சிட்காம் சைன்ஃபெல்ட் பற்றி யாரும் சொல்லாததால் நான்.

கல்யாணக் கச்சேரிகளுக்கு வாசிக்கும் மெல்லிசைக் குழு எங்களுடையது. எங்கள் பேஸ் கிட்டார் அண்ணனுக்கு அந்த டைட்டிலில் துள்ளுகிற பேஸ் மேல் அப்படி ஒரு வெறி. கட்டைவிரலால் கம்பியை அறைந்து வாசிக்கிற பாணி. அப்படியே வாசித்துக் காட்டுகிறேன் என்று என்னோடு பிரியாணி பந்தயம். இரண்டு வாரம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து அறைந்தார். கட்டைவிரல் ஓரம் கொப்பளித்து, பிளாஸ்திரி போட்டுக்கொண்டு ஒரு வளைகாப்புக்கு வாசித்தார். ஸ்வரம் எல்லாம் சரி, அந்தச் சத்தம் மட்டும் வரவில்லை. கம்பியை மாற்றினார், பிக்கப்பைக் குறை சொன்னார்.

அப்புறம்தான் இசையமைத்த ஜோனதன் வுல்ஃபின் பேட்டி ஒன்றைப் பார்த்தேன். அது கிட்டாரே இல்லை. கீபோர்டு! கூடவே வருகிற டொக்கு டொக்கு சத்தங்கள் அவர் வாயாலும் நாக்காலும் போட்டுப் பதிவு செய்தது. அண்ணனிடம் பயந்து பயந்து சொன்னேன். ஒரு நிமிஷம் பிளாஸ்திரியைப் பார்த்தார். “அப்போ அது உன் வாத்தியம். வாசிக்க முடியாம இருந்தது நீ. பிரியாணி நீ வாங்கு.” வாங்கினேன், என்ன செய்ய.

அதைவிட எனக்குப் பிடித்தது இது: ஆரம்ப வருஷங்களில் ஒவ்வொரு எபிசோடும் தொடரின் நாயகன் சைன்ஃபெல்ட் மேடையில் நின்று ஜோக் சொல்வதில் தொடங்கும். ஒருநாள் நீளம், ஒருநாள் குட்டை, எங்கே மூச்சு விடுவார் என்பதும் தினம் மாறும். அதனால் வுல்ஃப் அந்த இசையை எபிசோடுக்கு எபிசோட் பேச்சைப் பார்த்து மாற்றி அடுக்கியிருக்கிறார். வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர் கதை சொல்கிறவர் வாயைப் பார்த்தே அடிப்பாரே, அதே வேலை. தொடர் ஓடியது 1989-லிருந்து 98 வரைக்கும். ஒரே டியூன்தானே என்று நினைத்துக் கேட்டவன் நான், தொழில் செய்கிறவனுக்கே காது இவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அக்கா:

சன் டிவியில வந்த சித்தி டைட்டில் சாங் சொல்லலாமா?

மொட்டைமாடி ஆன்டெனா:

அக்கா, அது நல்ல பாட்டுதான். ஆனா அதுல சிரிக்க எதுவும் இல்லையே.

பக்கத்து வீட்டு அக்கா:

நீங்க எங்க மாமியாரோட உக்காந்து பார்த்ததில்ல.

மெஸ் பில் பாக்கி:

என்னுடையது சின்னது. ஃப்ரெண்ட்ஸ் பாட்டில் முதல் வரி முடிந்ததும் படபடவென்று கைதட்டல் வரும். நாலு தட்டல். ஹாஸ்டல் டிவி ரூமில் நாற்பது பேர் ஒன்றாகத் தட்டுவோம், ஐந்தாவதாகத் தட்டுகிறவன் எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும். முதல் செமஸ்டரில் நான் வாங்கிய டீயின் கணக்கு மேலே என் பெயரிலேயே இருக்கிறது. இத்தனைக்கும் அது முக்கால் நிமிஷப் பாட்டாகத்தான் பிறந்ததாம். நாஷ்வில்லில் ஒரு ரேடியோக்காரர் அதையே ஒட்டி ஒட்டி நீளமாக்கி ஒலிபரப்ப, ஜனங்கள் போன் போட்டுக் கேட்க, வேறு வழியில்லாமல் அதைப் பாடிய ரெம்பிராண்ட்ஸ் குழு முழுப் பாட்டாகப் பாடிக்கொடுத்தார்கள். முழுப் பாட்டு எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. டீ நேரத்துக்கு அந்தச் சின்னதுதான் சரி.

எடிசன் இட்லி:

நியூ ஜெர்சியிலிருந்து. எதிர்வீட்டுப் பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது, பனி தள்ளிக் கொடுப்பேன், பதிலுக்கு உள்ளே கூப்பிட்டு காபி கொடுத்துப் பழைய தொடர் போடுவார். ‘ஆல் இன் தி ஃபேமிலி’, 1971-ல் சிபிஎஸ்ஸில் வந்தது. டைட்டிலில் ஆர்ச்சியும் ஈடித்தும், அதாவது கரோல் ஓகானரும் ஜீன் ஸ்டேபிள்டனும், வீட்டுப் பியானோ முன்னால் உட்கார்ந்து அந்தக் காலம் மாதிரி வருமா என்று பாடுவார்கள். ஈடித் அம்மா குரல் ஓட்டுமேல் பூனை மாதிரி ஏறும், ரசித்துக் கேட்கலாம்.

கடைசிக்கு முன்னால் ஒரு வரி எனக்கு விளங்கவே இல்லை. என் இங்கிலீஷ்தான் பத்தவில்லை என்று மூன்று நாள் சும்மா தலையாட்டினேன். நாலாம் நாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். மனிதர் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அமெரிக்காவுக்கே புரியாத வரியாம் அது! அவர் வீட்டில் அவர் ஒன்று சொல்ல, மனைவி ஒன்று சொல்ல, ஒரு வருஷம் சண்டை. எங்களுடைய பழைய லசால் என்னமாய் ஓடியது என்பதுதான் வரி. லசால் ஜெனரல் மோட்டார்ஸின் கார், 1940-லேயே நிறுத்திவிட்டார்கள், எழுபதுகளில் அந்தப் பெயரை யார் நினைத்திருப்பார்கள்? புரியவில்லை என்று பார்க்கிறவர்கள் எழுதி எழுதிக் கேட்க, பிறகு திரும்பப் பாடிப் பதிவு செய்தார்கள். பிந்தைய பதிப்பைப் போட்டுக் காட்டினார். அந்த ஒரு வரி வரும்போது மட்டும் இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பாடுகிறார்கள். இப்போது அந்த இடம் வந்தால் பெரியவரும் நானும் சேர்ந்து கத்துகிறோம். அவர் மனைவி இல்லை, போன வருஷம் தவறிவிட்டார். அந்த அம்மா கடைசிவரை அது கார் இல்லை என்றுதான் சொன்னாராம்.

மொட்டைமாடி ஆன்டெனா:

எடிசன், பெரியவருக்கு எங்கள் வணக்கம் சொல்லுங்கள். தந்தியாபீஸ் மகள், ஒரு உதவி. அப்பாவுக்கு எங்கள் ஹோமத்தைப் போட்டுக் காட்டுங்களேன், லத்தீனுக்கு அடியில் வேறு ஏதாவது இருந்தாலும் இருக்கும்.

தந்தியாபீஸ் மகள்:

போட்டேன். பென்சில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு தடவை கேட்டார். “இதுல ஒண்ணும் இல்ல, வெறும் பாட்டுதான்,” என்று பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டார். ஆனால் அந்த ஆள் மேலிருந்து விழுந்ததற்குச் சிரித்தார். இன்னொரு தரம் போடச் சொல்லியிருக்கிறார், டைட்டிலை மட்டும்.