காப்பீடு முடிந்த காரில் விபத்து: எங்களுக்கு நடந்தது

கானாடுகாத்தான்காரன்:

2023 மாசியில் எங்கள் வீட்டுப் படைப்பு, அதாவது முன்னோருக்குப் படையல் வைத்துக் கும்பிடுவது. நான் சென்னையில் இருக்கிறேன். அப்பச்சியும் ஆத்தாவும் ஊரில் இருப்பதால் என் பெயரில் உள்ள காரை அங்கேயே விட்டிருந்தேன். 2019 தொடக்கத்தில் வாங்கிய வண்டி. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கும் புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீட்டை (நம் வண்டியால் அடிபடும் மற்றவருக்கு இழப்பீடு தருவது) சேர்த்தே போட்டுவிடுவார்கள். 2022-இல் அது முடிந்தது என் நினைவில் இல்லை. வண்டி பெரும்பாலும் நிற்கத்தானே செய்கிறது என்ற மெத்தனம் வேறு.

படைப்புக்குத் தேங்காய், பழம் வாங்கச் சித்தப்பா மகன் காரைக்குடிக்குப் போனான். திரும்பி வரும்போது கோட்டையூர் தாண்டி டிவிஎஸ் 50-இல் வந்த ஒரு கொத்தனாரை இடித்துவிட்டான். தப்பு எங்கள் பக்கம்தான். அவருக்கு இடது காலில் இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன.

அன்று சாயங்காலமே ஒருவர் போனில், "உடனே ஆன்லைனில் ஒரு பாலிசி போட்டுவிடுங்கள்" என்றார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். பாலிசியில் தேதி மட்டுமல்ல, எந்த மணியிலிருந்து செல்லும் என்பதும் இருக்கும். எஃப்ஐஆரில் விபத்து நடந்த நேரம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போதும், மோசடி வழக்கும் கூடச் சேரும்.

பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) போலீஸ் பிடித்து வைத்திருந்த வண்டியைப் பார்த்துச் சான்று கொடுத்தார். ஆனாலும் காப்பீடு இல்லாததால் கோர்ட்டில் ஈடு காட்டாமல் வண்டி வெளியே வராது என்றார்கள். அபராதம் முதல் தடவைக்கு 2,000 ரூபாய்தான். அது ஒரு பொருட்டே இல்லை, இழப்பீடுதான் பெரிய பாரம்.

பெரியவர்கள் உட்கார்ந்து பேசி 60,000 ரூபாய் கொடுத்தோம். முத்திரைத்தாளில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கினோம். சரி, முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். விபத்து நடந்த ஐந்தாம் மாதம் சம்மன் வந்தது. 9 லட்சம் கேட்டு, மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயமாகச் செயல்படும் சப்-கோர்ட்டில் மனு. 2022 ஏப்ரலிலிருந்து சட்டத்தில் ஆறு மாதக் கெடு உண்டு, அதற்குள்ளேயே போட்டிருந்தார். ஓட்டியவன் முதல் எதிர்மனுதாரர், நான் இரண்டாவது. மூன்றாவதாக வர வேண்டிய காப்பீட்டுக் கம்பெனி என் வழக்கில் இல்லை. அந்தக் காகிதத்தைப் பார்த்தபோதுதான் நான் என்ன நிலையில் இருக்கிறேன் என்பது உறைத்தது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, எழுதிக் கொடுத்தாரே என்று. அப்புறம் அவர் வீட்டுக்குப் போனேன். காலுக்குள் வைத்த உலோகப் பிளேட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சாரம் ஏற முடியாது. 60,000 ஆஸ்பத்திரிக்கும் முதல் மூன்று மாதக் குடும்பச் செலவுக்குமே சரியாகப் போயிருந்தது. அவர் சம்சாரம், "நாங்க கேக்காம வேற யாருங்க கேப்பா?" என்றார். அதற்குப் பிறகு எனக்குக் கோபம் வரவில்லை.

"சம்மனை வாங்காதே, நீதான் சென்னையில் இருக்கிறாயே" என்றும் சிலர் சொன்னார்கள். போகாமல் இருந்தால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. அது வட்டியோடு வரும். பணம் கட்டாவிட்டால் தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பி, நிலவரி பாக்கிபோல வசூலிக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் வீட்டில் எனக்கு எட்டில் ஒரு பங்கு. நாளைக்கு அந்தப் பங்கு ஜப்தி என்று வந்தால் அத்தனை பங்காளிகள் முகத்திலும் எப்படி விழிப்பது? வக்காலத்துக் கொடுத்து, ஒவ்வொரு வாய்தாவுக்கும் நானே ஊருக்கு வந்தேன்.

அந்த முத்திரைத்தாள் மனுவைத் தடுக்கவில்லை. கொடுத்த தொகையைக் கழிக்க மட்டும் உதவியது. கடைசியில் லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) 3,40,000-க்கு ஒத்துக்கொண்டோம். 60,000 போக மீதியை இரண்டு தவணையாகக் கட்டினேன். அங்கே முடிந்தால் இரு பக்கமும் அப்பீல் போக முடியாது. எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

கோட்டையூர் மகள்:

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பாவை இடித்த காருக்கும் காப்பீடு இல்லை. உரிமையாளர் ஒரு வாய்தாவுக்கும் வரவில்லை. தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது, பணம் வரவில்லை. தீர்ப்புப் பணத்தை வசூலிக்க நிறைவேற்று மனு போடுவதற்குள் அவர் காரையும் ஒரு மனையையும் விற்றுவிட்டார். வழக்குப் போடும்போதே சொத்தை விற்காமல் இருக்க முன்ஜப்தி கேட்டிருக்க வேண்டும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கலெக்டர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ் என்று அம்மா நடந்த நடைக்கு இதுவரை பாதித் தொகைதான் வந்திருக்கிறது.

அரசு கொடுக்கும் 2 லட்சம், 50,000 பற்றியும் கேட்டுப் பார்த்தோம். இறந்தால் முன்னது, கொடுங்காயத்துக்குப் பின்னது. ஆனால் அது இடித்துவிட்டு ஓடிய, அடையாளம் தெரியாத வண்டிக்கு. எங்களுக்கு வண்டி எண்ணும் தெரியும், ஆளும் தெரியும்.

அண்ணா, நீங்கள் அவர் வீட்டுக்குப் போனதைப் படித்து அழுதுவிட்டேன். எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை.

புதுவயல் தம்பி:

என் அனுபவம் சின்னது. பழைய காரை விற்றேன், பணமும் வாங்கிவிட்டேன். வாங்கியவர் ஆர்சியைத் தன் பெயருக்கு மாற்றவில்லை, காப்பீடும் போடவில்லை. அவர் செய்த விபத்துக்கு எனக்குச் சம்மன். ஆர்டிஓ பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்றார் வக்கீல். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிட்டேன். பெயர் மாறியதா என்று போய்ப் பார்க்கவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. வருகிற வாரமும் வாய்தா இருக்கிறது.

கானாடுகாத்தான்காரன்:

தங்கச்சி, உங்கள் அப்பா இப்போது எப்படி இருக்கிறார்? கலெக்டருக்குப் போன சான்றின் எண் இருந்தால் எடுத்து வையுங்கள். அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது என் வக்கீலிடம் உங்களைக் கூட்டிப்போகிறேன். அம்மா இனி தனியாக நடக்க வேண்டாம்.