புதுப்பிப்பு: ராண்ட்ஜனை நூறால் வகுத்தால் போதுமா?

மூர் மார்க்கெட்டில் கிடைத்த பழைய பேனா டோசிமீட்டரில் (பேனா வடிவில் உள்ள கதிர்வீச்சு அளவுமானி) 0 முதல் 200 மில்லிராண்ட்ஜன் வரை கோடுகள் இருக்கின்றன, இதை உடலுக்கான கதிர்வீச்சுப் பாதிப்பை அளக்கும் சீவர்ட்டில் எப்படிச் சொல்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் "நூறால் வகுத்துவிடுங்கள்" என்றீர்கள். ரேட் (ஒரு பொருள் வாங்கிய கதிர் ஆற்றலுக்கான பழைய அலகு, இன்று கிரே), ரெம் (சீவர்ட்டுக்கு முந்தைய அலகு) இரண்டுக்கும் அது அட்சரம் பிசகாமல் பொருந்தும்: 100 ரேட் ஒரு கிரே, 100 ரெம் ஒரு சீவர்ட்.

ராண்ட்ஜன் அந்த வகையே அல்ல. எக்ஸ் கதிரோ காமா கதிரோ காற்றில் உண்டாக்கும் மின்னூட்டத்தைத்தான் அது அளக்கிறது. ஒரு கிலோ காற்றுக்கு 0.000258 கூலும். உடல் எவ்வளவு ஆற்றலை வாங்கியது என்பது தனிக் கேள்வி. 1 ராண்ட்ஜனுக்குக் காற்று வாங்குவது 8.76 மில்லிகிரே, மென்திசு வாங்குவது சுமார் 9.6. இவ்விரு கதிர்களுக்கும் எடைக்காரணி (அந்த வகைக் கதிர் உடலை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கான பெருக்கெண்) 1 என்பதால் கிரே எண்ணையே சீவர்ட்டாக எழுதலாம். ஆக, 200 மில்லிராண்ட்ஜன் என்பது ஏறத்தாழ 1.9 மில்லிசீவர்ட். நூறால் வகுத்தால் 2 வரும். பாதுகாப்புக் கணக்குக்கு அது போதும், அளவீட்டுக்குப் போதாது. ஆல்பா கதிருக்கு ராண்ட்ஜனையே கொண்டுவராதீர்கள்.

இன்னொன்று. பேனாவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் மயிரிழை போல ஒரு குவார்ட்ஸ் இழை தெரியும். பேனாவில் ஏற்றிவைத்த மின்னூட்டம் கதிர் பட்டுக் குறையக் குறைய அது கோடுகளில் மேலே நகரும். சென்னையின் ஈரக்காற்றில் மின்காப்பு கசிந்தாலும் அதே நகர்வுதான். எனவே முதலில் பூஜ்யத்தில் நிறுத்தி மேசை டிராயரில் வைத்துப் பாருங்கள். சும்மா கிடக்கும்போதே ஏறினால் அந்தப் பேனாவின் எண்ணை எந்த அலகுக்கும் மாற்ற வேண்டாம்.