பெரியப்பா 80: பாலத்துப் படம்

கவிதா: ஞாயிறு காலை 7.30 மணிக்குச் சிங்கப்பூர் ஆற்றுக் கேவனா பாலத்தில் குடும்பப் படம். படம் முடித்து நேராக லிட்டில் இந்தியாவில் தேக்கா, விருந்துக்கு. படக்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.

பெரியம்மா: ஜப்பான்காரன் தலைகளைத் தொங்கவிட்ட பாலம்தானே அது? எண்பதாம் பிறந்தநாளில் அங்கேயா நிற்பது?

குமார் மாமா: அதோடு கார் பந்தய வாரம். வேலி போட்டு அடைத்திருப்பார்கள்.

அருண்: 🙄

லதா அத்தை: பூங்காவிலேயே எடுத்துக்கொள்ளலாமே. எஸ்பிளனேடில் நிழல் இருக்கிறது.

மணி சித்தப்பா: இரண்டு பாலத்தையும் குழப்ப வேண்டாம். எஸ்பிளனேட் பூங்காவை ஒட்டியிருப்பது ஆண்டர்சன் பாலம், 1910-இல் திறந்தது. போர்க்காலத்தில் தலைகளை வைத்தது அங்கே. 2008 முதல் பந்தயக் கார் ஓடுவதும் அதில்தான். கேவனா அதைத் தாண்டி ஆற்றின் உள்பக்கம், ஃபுல்லர்ட்டன் ஹோட்டலுக்கு எதிரே, 1869-இல் கட்டி முடித்தது. ஆண்டர்சன் வந்த பிறகு இடித்திருக்க வேண்டியது. நடப்பவர்களுக்கு என்று விட்டுவைத்தார்கள்.

பெரியம்மா: பக்கத்துப் பாலம்தானே.

லதா அத்தை: மணி, கேட்டது நேரமும் இடமும்தான்.

மணி சித்தப்பா: இடத்தைத்தான் சொல்கிறேன், அக்கா. பிள்ளைகள் அழகாக இருக்கிறது என்று நின்று படம் எடுத்துவிட்டுப் போகக் கூடாது. கேவனா 1859 முதல் 1867 வரை இங்கே ஆளுநர். இந்தியாவிலிருந்து இந்த ஊரை ஆண்ட காலத்தின் கடைசி ஆளுநர் அவர். பேர் அவருடையது. இரும்பு கிளாஸ்கோவில் செய்து கப்பலில் வந்தது. வேலை செய்தவர்கள்? இந்தியாவிலிருந்து தண்டனை கொடுத்து அனுப்பிய கைதிகள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இஸ்தானாவும் அவர்கள் கட்டியதுதான். அவர்களைக் கொண்டு செய்த பெரிய வேலைகளில் கடைசியானது இந்தப் பாலம். 1873-இல் அந்தக் கைதி ஏற்பாட்டையே கலைத்துவிட்டார்கள். ஒருத்தர் பேரும் அங்கே எழுதியில்லை.

அருண்: இது தெரியாதே சித்தப்பா

கவிதா: எனக்கும்.

மணி சித்தப்பா: திறப்பதற்கு முன் பாரம் தாங்குமா என்று பார்க்க 120 சிப்பாய்களை ஆயுதங்களோடு அணிவகுத்து நடக்கவிட்டார்கள். கட்டியதும் நம் ஊர் ஆட்கள், அது விழுமா நிற்குமா என்று முதலில் ஏறி நடந்து பார்த்ததும் நம் ஊர் ஆட்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் படம் எடுங்கள். நானே சொல்கிறேன், பத்து நிமிடம் போதும்.

குமார் மாமா: பத்து நிமிடமா, நீங்களா 😂

கவிதா: மாமா!

அருண்: பெரியப்பாவின் சக்கர நாற்காலியை விடுவார்களா?

மணி சித்தப்பா: பாலத்து வாசலில் பழைய போலீஸ் அறிவிப்பு இன்னும் இருக்கிறது. 3 ஹண்ட்ரட்வெயிட்டுக்கு மேல் எடையுள்ள வண்டிக்கும், மாடு குதிரைக்கும் அனுமதி இல்லை. சுமார் 152 கிலோ. அண்ணன் நாற்காலி தாராளமாகப் போகும்.

குமார் மாமா: அக்காவையும் மடியில் உட்கார வைத்தால் போலீஸ் வரும்.

பெரியம்மா: குமாருக்கு விருந்தில் பாயசம் கிடையாது.

குமார் மாமா: 🙏 மன்னிப்பு. எந்தப் பாயசம்?

பெரியம்மா: பருப்பு.

லதா அத்தை: சேமியா என்றல்லவா பேசியது?

செல்வி அத்தை: அப்பா அந்தப் பாலத்தில் நிற்கிற படம் என்னிடம் இருக்கிறது.

அருண்: தாத்தாவா??

செல்வி அத்தை: படகுத்துறையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது எடுத்தது. இடுப்பில் கொக்கி செருகியிருப்பார். பின்னால் தொங்கான்கள், அந்தச் சரக்குப் படகுகள், வரிசையாக நிற்கும்.

மணி சித்தப்பா: அக்கா, அதைத்தான் எத்தனை நாளாகக் கேட்கிறேன். தண்ணீர் ஏறினால் பாலத்துக்கு அடியில் தொங்கான் நுழையாது. இறங்கும்வரை காத்துக் கிடக்கும், கூடவே அப்பாவும் காத்துக் கிடப்பார். 1983-இல் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது போய்ப் பார்த்தால் சாப்பாட்டுக் கடைதான். அந்தப் படத்தைப் பெரிதாக்கி அண்ணன் கையில் கொடுத்து நிற்க வைக்க வேண்டும்.

செல்வி அத்தை: வெளியே போனது திரும்பி வராது. அம்மாவின் அட்டிகை போன மாதிரி.

லதா அத்தை: அட்டிகை யாரிடம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

செல்வி அத்தை: தெரிந்தால் இங்கேயே சொல்.

கவிதா: அத்தை, இதில் பெரியப்பாவும் இருக்கிறார். வேண்டாம்.

அருண்: செல்வி அத்தை, நான் வீட்டுக்கு வந்து கைப்பேசியிலேயே எடுத்துக்கொள்கிறேன். படம் உங்கள் கையை விட்டுப் போகாது.

செல்வி அத்தை: சனிக்கிழமை வா. பார்க்கலாம்.

மணி சித்தப்பா: நன்றி அக்கா.

பெரியப்பா: பாலத்தில்தான் எடுக்க வேண்டும். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய் அங்கேதான் நிற்பேன்.

பெரியம்மா: இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தீர்களா?

கவிதா: அப்போ கேவனா உறுதி. 7.30 சரியா?

குமார் மாமா: வெள்ளிக்கிழமை போய் வேலி எதுவரை என்று பார்த்துச் சொல்கிறேன்.

லதா அத்தை: 7.30-க்கு யாரும் வரப்போவதில்லை. 8 என்று போடு.

பெரியம்மா: ஆண்டர்சன் பக்கம் திரும்பாமல் எடுக்கச் சொல். பட்டு எல்லோருக்கும் ஒரே நிறமா?