+1 படிக்கும் மகளுக்கு வங்கியில் அப்ரண்டிஸ் கிடைக்குமா?

காப்பிக்காட்டு ரைட்டர்

வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டராக இருக்கிறேன். மகள் அரசுப் பள்ளியில் +1, காமர்ஸ் குரூப். கணக்குப்பதிவியலில் நல்ல மதிப்பெண் வாங்குகிறாள், வங்கி வேலைதான் என்று முடிவே கட்டிவிட்டாள். மே மாத லீவில் வீட்டில் சும்மா இருப்பதற்கு ஏதாவது ஒரு வங்கியில் அப்ரண்டிஸாகப் போய்ப் பழகட்டுமே என்று கிளையில் கேட்டேன். மேனேஜர் சிரித்துவிட்டு, "டிகிரி முடிச்சிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

சேலம் புதிய பேருந்து நிலையத்துப் பக்கம் ஓர் ஆபீஸில் 12,000 ரூபாய் கட்டினால் 45 நாள் பேங்க் அப்ரண்டிஸ், சான்றிதழ், அப்புறம் வேலையில் முன்னுரிமை என்கிறார்கள். கட்டலாமா? வெளிநாட்டில் பள்ளிப் பிள்ளைகளையே வங்கியில் சேர்த்துக்கொள்கிறார்களாம், இங்கே மட்டும் ஏன் இல்லை?

சீலநாயக்கன்பட்டி பி.காம்.

அண்ணே, நான் பி.காம். முடித்து ஒரு பொதுத்துறை வங்கியில் அப்ரண்டிஸாக இருந்தவன். மேனேஜர் சொன்னது சரிதான். ஸ்டேட் பாங்க் உட்பட வங்கிகள் கவுண்டர் பக்கம் எடுக்கும் அப்ரண்டிஸுக்கு டிகிரி வேண்டும், வயது 20 முதல் 28. ஆன்லைன் தேர்வு உண்டு. 10 அல்லது 12-ஆம் வகுப்பு மார்க் ஷீட்டில் தமிழ் இருந்தால் தனியாக மொழித் தேர்வு வைப்பதில்லை. பயிற்சி ஒரு வருடம், ஸ்டேட் பாங்கில் மாதம் 15,000 ரூபாய் உதவித்தொகை. வருடம் முடிந்ததும் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், வேலை நிச்சயம் கிடையாது.

நான் அங்கே செய்தது கேஒய்சி படிவம் சரிபார்த்தது, ஆதார் இணைத்தது, பாஸ்புக் மெஷினில் பேப்பர் சிக்கினால் எடுத்துவிட்டது. கடன் பாக்கி வைத்தவர்களுக்குப் போன் போட்டுத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

சூரிச்சில் ஒரு சேலத்தான்

வெளிநாட்டுக் கதை உண்மைதான், ஸ்விட்சர்லாந்துக்கு ரொம்பவே உண்மை. இங்கே கட்டாயப் பள்ளி முடிந்ததும் 15, 16 வயதில் பிள்ளைகள் வங்கியோடு ஒப்பந்தம் போட்டு மூன்று வருட அப்ரண்டிஸாகச் சேரலாம். வாரத்தில் மூன்று நான்கு நாள் வங்கி, மீதி நாள் தொழிற்பள்ளி. சம்பளமும் உண்டு. யூபிஎஸ் வங்கியின் தலைமை நிர்வாகியாக வந்த செர்ஜியோ எர்மோட்டி 15 வயதில் பள்ளியை விட்டு, லுகானோவில் கோர்னேர் வங்கியில் அப்ரண்டிஸாகத் தொடங்கியவர். அமெரிக்காவில் சில உயர்நிலைப் பள்ளிகளுக்குள்ளேயே சின்னதாக ஒரு கிளை இருக்கும், மாணவர்களே கவுண்டரில் உட்காருவார்கள். ஆனால் இதெல்லாம் பள்ளியும் வங்கியும் சேர்ந்து வருடக்கணக்கில் கட்டிய ஏற்பாடு. ஒரு மாத லீவுக்கு அங்கேயும் யாரும் கவுண்டரைத் திறந்துவிட மாட்டார்கள்.

அம்மாபேட்டை ஓய்வு மேனேஜர்

தம்பி, அந்த 12,000-ஐ முதலில் பத்திரமாக வையுங்கள். எந்த வங்கியும் ஏஜென்ட் வைத்துப் பணம் வாங்கி அப்ரண்டிஸ் எடுப்பதில்லை. விண்ணப்பக் கட்டணம் இருந்தால் சில நூறு ரூபாய், அதையும் வங்கியின் சொந்த இணையதளத்தில்தான் கட்டுவார்கள். அங்கே தரும் சான்றிதழை எந்த மேனேஜரும் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

ஏன் இல்லை என்று கேட்டீர்கள். சட்டம் தடுக்கவில்லை. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி 14 வயது முடிந்தாலே போதும், 18-க்குக் கீழ் என்றால் பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். வங்கிகள்தான் டிகிரி கேட்கின்றன. கவுண்டருக்குள் ஒருவர் கணினியில் பதிவு செய்வார், இன்னொருவர் பார்த்து ஒப்புதல் கொடுப்பார். ஆளுக்கு ஒரு ஐடி, அதை அடுத்தவருக்குக் கொடுத்தால் வேலைக்கே ஆபத்து. லீவுக்கு வந்த பிள்ளைக்கு ஐடி கிடையாது, கேஷைத் தொட முடியாது, அப்புறம் எதைப் பழகுவாள்? செலான் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டு நிற்பாள். இன்னொன்று, உங்கள் ஊர் சின்ன ஊர். யாருடைய நகை எத்தனை பவுன் அடகில் இருக்கிறது என்று ஒரு பிள்ளை வீட்டில் வாய்தவறிச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் நாகலூர் வரை போய்விடும்.

இவ்வளவு சொல்லிவிட்டேன் என்று பிள்ளை சோர்ந்துவிட வேண்டாம். வங்கி வேலையில் முதல் இரண்டு வருடம் நாங்கள் கற்றுக்கொண்டதில் பாதி உங்கள் மேஜையிலேயே இருக்கிறது. தோட்டத்துக் கூலிப் பதிவேடான செக்ரோல் உங்கள் கையில்தானே? ஆள் பெயர், வேலை நாள், கூலி, முன்பணம், பி.எஃப். பிடித்தம், கடைசியில் வங்கிக்குப் போகும் பட்டியல். தோட்டத்தை நடத்தும் துரையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, இரண்டு வருடம் பழைய செக்ரோல் ஒன்றைப் பெயர்களை மறைத்து அவளிடம் கொடுங்கள். குறுக்கே கூட்டியதும் நெடுக்கே கூட்டியதும் இடிக்கிற இடத்தை அவளே தேடட்டும். ஒரு ரூபாய் இடித்தாலும் கண்டுபிடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது. கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய கிளைகளில் அந்த ஒரு ரூபாய்க்காக ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்த தலைமுறை நாங்கள்.

வீட்டில் அம்மா மகளிர் குழுவில் இருந்தால் இன்னும் நல்லது. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு லெட்ஜர், கடன் லெட்ஜர் எல்லாம் அங்கே உண்டு. குழுவுக்கு வங்கி கொடுக்கும் கடனில் வட்டி எப்படிக் குறைகிறது என்று அவள் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். 50,000 ரூபாய், வருடத்துக்கு 12 சதவீதம், 12 தவணை. முழுத் தொகைக்கும் வருடம் முழுக்க வட்டி போடுகிறவன் 6,000 வாங்குவான். குறைந்துவரும் பாக்கிக்குப் போட்டால் மாதத் தவணை 4,442 சொச்சம், மொத்த வட்டி 3,309. சதவீதம் ஒன்றுதான், வட்டி கிட்டத்தட்டப் பாதி! முதல் மாதம் வட்டி 500, அசலில் 3,942 போகும், மீதி 46,058. அங்கிருந்து அவள் தொடரட்டும். இந்தக் கணக்கைத் தாளில் போடத் தெரியாத பட்டதாரிகள் எனக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறார்கள்.

அவள் பெயரில் கணக்கு இருக்கிறதா? 10 வயது முடிந்த பிள்ளைகள் தாங்களே இயக்கும் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். படிவத்தை அவளே நிரப்பட்டும். "கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று யாராவது ஏடிஎம் கார்டைக் கேட்டால் கொடுக்கவே கூடாது என்று இப்போதே சொல்லி வையுங்கள். மோசடிப் பணம் அதில் வந்து போனால் போலீஸ் முதலில் தேடுவது கணக்குக்காரரைத்தான்.

+2-வுக்கு அப்புறம் என்ன என்பதற்கு எனக்குத் தோன்றுவது இதுதான். கோரிமேட்டில் அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது, மலையிலிருந்து இறங்கும் பஸ் அந்த வழியாகத்தான் வருகிறது. பி.காம். சேருங்கள். ஆறிலிருந்து +2 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதே கோரிமேட்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் நடக்கிறது, போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு. அப்புறம் கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சி. +2 முடித்தவர்கள் சேரலாம், ஒரு வருடம், தமிழிலேயே. கூட்டுறவு வங்கி உதவியாளர் வேலைக்கு டிகிரியோடு இந்தப் பயிற்சியும் கேட்பார்கள். பலர் டிகிரி முடித்து அறிவிப்பு வந்த பிறகுதான் இதைத் தேடி ஓடுகிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டை உரைகல்

ஓய்வு சார் ஒன்றை விட்டுவிட்டார். கூட்டுறவு மேலாண்மை நிலையங்களில் நகை மதிப்பீட்டுப் பயிற்சியும் உண்டு, 18 வயது ஆனதும் சேரலாம். நான் வங்கி மதிப்பீட்டாளர். எங்களுக்கு நிறைய இடங்களில் சம்பளம் கிடையாது, கடனுக்கு இவ்வளவு என்று கமிஷன்தான். அதனால் இதையே பிழைப்பாக நினைக்க வேண்டாம். ஆனால் நகைக் கடன் கவுண்டரில் உட்காரப்போகிற பிள்ளைக்கு, உரைத்துப் பார்க்கவும் கல்லுக்கும் அரக்குக்கும் எடை கழிக்கவும் 916 என்றால் 22 கேரட் என்று பார்த்ததும் சொல்லவும் தெரிந்தால் தனி மரியாதை. கவரிங்கைத் தங்கம் என்று வாங்கி வைத்துவிட்டு அப்புறம் விளக்கம் எழுதிய கிளைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பெண் மதிப்பீட்டாளர்கள் குறைவு, வரட்டும்.

காப்பிக்காட்டு ரைட்டர்

எல்லாருக்கும் நன்றி. புதிய பேருந்து நிலைய ஆபீஸிலிருந்து இன்றும் போன் வந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். துரை பழைய செக்ரோல் கொடுக்கச் சம்மதித்தார், பெயர்ப் பத்தியைக் காகிதம் ஒட்டி மறைத்தாயிற்று.

ஓய்வு சார், உங்கள் 50,000 ரூபாய் கணக்கை மகள் நேற்று ராத்திரி போட்டாள். மாதம் 4,442 என்று வைத்துக்கொண்டால் கடைசி மாதம் 4,448 வருகிறது என்கிறாள். எங்கேயோ தப்பு என்று மூன்று முறை அழித்துப் போட்டுவிட்டாள். எங்கே தப்பு?

அம்மாபேட்டை ஓய்வு மேனேஜர்

தப்பே இல்லை. மாதாமாதம் விட்ட 44 பைசா எல்லாம் அதன் வட்டியோடு கடைசித் தவணையில் வந்து சேர்ந்திருக்கிறது. வங்கிக் கடனிலும் கடைசித் தவணை கொஞ்சம் வித்தியாசமாகத்தான் வரும். அடுத்து 24 தவணைக்குப் போடச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் மூன்றாவது மாதத்தில் ஒரு தவணை கட்டவில்லை என்று வைத்து, பாக்கி எவ்வளவு நிற்கும் என்று எழுதச் சொல்லுங்கள்.