எக்செலை இயக்கும் சி++ நிரல்: லிங்கர் பிழையில் நிற்கிறது

மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடைக்கான கணக்கு நிரல் இது. மல்லிகை ஏலம் முடிந்ததும் எடை, விலை, கமிஷன் எல்லாவற்றையும் எக்செல் தாளில் தானாக நிரப்ப வேண்டும். விவசாயிக்குப் பட்டியல் அதிலிருந்துதான் போகிறது. இப்போது கையால் எழுதுகிறார்கள், காலை நேரத்தில் அது பெரும்பாடு.

பழைய நிரலை விஷுவல் ஸ்டுடியோ 2022-க்கு மாற்றியதிலிருந்து தொல்லை. 32 பிட், ரிலீஸ் கட்டமைப்பு. எக்செலின் டைப் லைப்ரரியை (அதன் சார்புகளை விவரிக்கும் கோப்பு) #இம்போர்ட் கட்டளை வழியாகச் சேர்த்திருக்கிறேன். கம்பைல் ஒழுங்காக முடிகிறது; கம்பைல் ஆன துண்டுகளையும் நூலகங்களையும் இணைக்கும் லிங்கர் மட்டும் எல்என்கே2019 (அழைக்கப்பட்ட சார்பு எங்கும் கிடைக்கவில்லை) என்ற பிழையில் நிற்கிறது. கோஇனிஷியலைஸ், சிஸ்அலாக்ஸ்ட்ரிங் என்ற இரண்டு விண்டோஸ் சார்புகளும் கிடைக்கவில்லை என்றது. ஓலே32.லிப், ஓலேஆட்32.லிப் நூலகங்களைச் சேர்த்ததும் அவை தீர்ந்தன. சாதாரண எழுத்துச் சரத்தை எக்செல் ஏற்கும் பிஎஸ்டிஆர் வகைச் சரமாக மாற்றும் கன்வர்ட்ஸ்ட்ரிங்டுபிஎஸ்டிஆர் மட்டும் அசையவில்லை. அந்தச் சார்பு உள்ள காம்சப்டபிள்யூ.லிப் நூலகத்தைச் சேர்த்தேன், முழுதாக ரீபில்ட் செய்தேன், பலனில்லை. பிழை வரியில் அந்தச் சார்பு 'அன்சைன்டு ஷார்ட் *' திருப்புவதாகக் காட்டுகிறது.

இரண்டு அமைப்புகள் முன்பிருந்தே உள்ளன: இயல்பு நூலகங்களைப் புறக்கணி என்பது 'ஆம்', டபிள்யூசார்_டி-யை (அகல எழுத்துக்கான வகை) மொழியில் உள்ளமைந்த வகையாகக் கொள் என்பது 'இல்லை'; அதனால் அது 'அன்சைன்டு ஷார்ட்' ஆகவே கொள்ளப்படுகிறது. இரண்டாவதை மாற்ற முடியாது. ரசீது அச்சிடும் நூலகம் அப்படித்தான் கம்பைல் செய்யப்பட்டது, அதன் மூலநிரல் கைவசம் இல்லை.

இந்த இரண்டாவது அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, காம்சப்டபிள்யூ.லிப்-க்குப் பதிலாகக் காம்சப்.லிப் சேர்த்தால் போதுமா?