காய்ச்சலுக்குக் குளிர்நீர்க் குளியல் மருந்தானது எவ்வாறு?

கேள்வி: காய்ச்சலில் கிடப்பவரைக் குளிர்ந்த நீரில் இறக்கும் வழக்கம் ஐரோப்பாவில் இருந்ததாகப் படித்தேன். அது வெறும் கைவைத்தியமா, மருத்துவர்களே ஏற்ற முறையா என்பதை அறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: மருத்துவர்களே ஏற்ற முறைதான். லிவர்பூல் மருத்துவர் ஜேம்ஸ் கரி, காய்ச்சல் கண்டவர்கள் மீது குளிர்நீரை ஊற்றி, உடல் வெப்பத்தை வெப்பமானியால் அளந்து, தம் அனுபவங்களை 1797இல் நூலாக வெளியிட்டார். நோயாளியின் வெப்பத்தை அளப்பதே அரிதாக இருந்த காலத்தில் அவர் அளந்து எழுதினார் என்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். பின்னர், 1861இல், அன்றைய ஜெர்மானிய நகரமான ஸ்டெட்டினின் மருத்துவர் எர்ன்ஸ்ட் பிராண்ட், டைபாய்டு நோயாளிகளின் உடல் வெப்பம் ஏறும்போதெல்லாம் அவர்களைக் குளிர்நீர்த் தொட்டியில் அமர்த்தும் முறையை வகுத்தார். டைபாய்டைக் குணப்படுத்தும் மருந்து கிடைக்காத அக்காலத்தில் பல மருத்துவமனைகள் அதைப் பின்பற்றின. இரவும் பகலும் நோயாளிகளைத் தூக்கி இறக்கிய செவிலியரின் உழைப்பையும் நாம் மறக்கலாகாது.

மறுமொழி 2: இதன் வேர் இன்னும் பழையது. கி.மு. 23இல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கடும் நோயுற்று, சூட்டு ஒத்தடம் பயனளிக்காதபோது, அவருடைய மருத்துவர் அன்டோனியஸ் மூசா குளிர்நீர்ச் சிகிச்சையால் அவரைத் தேற்றினார். ஆனால் அதே ஆண்டு, மூசாவிடமே சிகிச்சை பெற்ற, அகஸ்டஸின் சகோதரி மகனான இளைஞர் மார்செல்லஸ் இறந்துபோனார்.

கேள்வி கேட்டவர்: இருவருக்கும் நன்றி. வெந்நீரையும் குளிர்நீரையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியவர்கள் உண்டா?

மறுமொழி 1: உண்டு. பவேரியப் பாதிரியார் செபாஸ்டியன் நைப் அவ்வாறு செய்தார்; அவருடைய நீர்ச் சிகிச்சை நூல் 1886இல் வெளிவந்தது.