சிங்கப்பூர் வேலையிட விபத்து: தவறு தொழிலாளியுடையது என்றால் இழப்பீடு கிடையாதா?

கேள்வி (அறந்தாங்கி வாசகர்):
என் தம்பி சிங்கப்பூரில் கட்டுமானத் தளமொன்றில் வொர்க் பெர்மிட்டில் வேலை பார்க்கிறான். சென்ற மாதம் சாரத்திலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது, தகடு வைத்திருக்கிறார்கள். பாதுகாப்புப் பெல்ட்டின் கொக்கியை மாட்டாதது அவன் தவறு என்றும், மனிதவள அமைச்சுக்குப் போனால் பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்றும் சூப்பர்வைசர் சொல்கிறாராம். ஏஜென்டுக்காக வாங்கிய கடன் இன்னும் அடையாததால் அவன் வாயைத் திறக்கவே அஞ்சுகிறான். இழப்பீடு கேட்க வழி உண்டா?

பதில் 1 (கப்பல் பட்டறை):
தாராளமாகக் கேட்கலாம். அங்குள்ள வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் யார் தவறு என்று பார்ப்பதில்லை. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் காயம் ஏற்பட்டதா என்பதைத்தான் பார்க்கிறது. குடிபோதையில் இருந்தது, வேண்டுமென்றே தன்னைக் காயப்படுத்திக்கொண்டது போன்ற சில நிலைகளில்தான் உரிமை போகும். முதலாளியின் வேலையைச் செய்துகொண்டிருந்தவர் கொக்கியை மாட்ட மறந்தார் என்பது அந்த வகையில் சேராது. பெர்மிட் ரத்தானாலும், வேறு கம்பெனிக்கு மாறினாலும் கோரிக்கை செத்துவிடாது. விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

உடலுழைப்புத் தொழிலாளர் அனைவருக்கும், சம்பளம் எவ்வளவாயினும், முதலாளி தன் செலவில் காப்புறுதி (இன்சூரன்ஸ்) எடுத்தாக வேண்டும். மருத்துவ விடுப்போ லைட் டியூட்டியோ (காயத்தால் தரப்படும் இலகுவான வேலை) ஒரு நாள் கொடுக்கப்பட்டாலும் விபத்தை அவரே அமைச்சுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். மருத்துவமனை விடுப்பில் முதல் 60 நாளுக்கு முழுச் சம்பளமும், அதன்பின் விபத்திலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கும் வர வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு மருத்துவச் செலவின் உச்சவரம்பு 53,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கையில் நிரந்தரக் குறைபாடு நின்றுவிட்டால், சராசரி மாத வருமானம், வயது, மருத்துவர் தரும் குறைபாட்டு விழுக்காடு ஆகிய மூன்றையும் வைத்துத் தனித்தொகை கணக்கிடுவார்கள்.

பதில் 2 (துவாஸ் வாசி):
மேலே சொன்ன சராசரி வருமானத்தில் ஓவர்டைமும் சேரும். நம் ஆட்களில் பலருக்கு அடிப்படைச் சம்பளத்துக்கு நிகராக ஓவர்டைம் வருவதால், சம்பளச் சீட்டுகள் இல்லாமல் போனால் இழப்பு பெரிது. அவற்றையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் இன்றே போனில் படமெடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமானது, மருத்துவரிடம் முதல் நாள் பதிவான வாசகம். சில இடங்களில் கம்பெனி ஆள் கூடவே போய், “டார்மிட்டரி குளியலறையில் விழுந்தான்” என்று சொல்லிவிடுவார்; பிறகு காப்புறுதி நிறுவனம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மறுக்கும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, வேலைத்தளத்தில் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எப்படி விழுந்தான் என்பதைத் தம்பி தன் வாயாலேயே சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லட்டும். உடன் வேலை செய்து பார்த்தவர்களின் பெயர், எண்ணும் கைவசம் இருக்கட்டும்.

அறந்தாங்கி வாசகர்:
மிக்க நன்றி. வழக்கறிஞர் வைத்து நீதிமன்றத்துக்குப் போனால் கூடுதலாகக் கிடைக்கும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். இரண்டையும் செய்யலாமா?

பதில் 3 (கப்பல் பட்டறை):
ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நீதிமன்றத்தில் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை. ஆனால் முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும், அங்கே கொக்கி விஷயம் தம்பிக்கு எதிராக நிற்கும்.

இருந்தாலும் பழியை முழுவதும் அவன்மீது போடுவதை நான் ஏற்கமாட்டேன். 2004-இல் சுரங்க ரயில் கட்டுமானப் பணியின்போது சிங்கப்பூரின் நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து நால்வர் மாண்ட பிறகு, 2006-இல் வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், ஆபத்தை முன்கூட்டியே கண்டு நீக்கும் கடமையை முதலாளி மீதும் தளத்தை நடத்துபவர் மீதும் வைத்தது. கொக்கியை மாட்ட உறுதியான பிடிமானம் அந்தச் சாரத்தில் இருந்ததா, இறங்குவதற்கு முறையான ஏணி இருந்ததா என்று தம்பியிடம் கேளுங்கள். இல்லையென்றால் அதையும் அமைச்சிடம் தெரிவிக்கலாம். அதே சாரத்தில் நாளை வேறொருவர் ஏற வேண்டியிருக்கிறது.